ஒன்றும் எழுதாத ஞானேஸ்வரன்

மகள் நிருஜா எழுதி வைத்திருந்த அஞ்சலியுரைத் தாள்களைப் பறித்துத் தவமலர் தன் கைப்பைக்குள் திணித்தாள். ஜெர்சி சிட்டியின் மரணச்சடங்கு மண்டபத்தில், நாலடி தள்ளி, பெட்டிக்குள் அவள் கணவர் ஞானேஸ்வரன் கிடந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. உயிரோடிருந்தால் இரண்டுக்கும் சம்மதித்திருக்க மாட்டார்.

“ஏனம்மா? அப்பா ஒரு றைற்றர். அதைச் சொல்லக்கூடாதோ?”

“மெதுவாக் கதை பிள்ளை.”

“பதினஞ்சு வருஷம் எழுதினவர். இங்க எல்லாருக்கும் அவர் வெறும் பார்க்கிங் லாட் ஞானம். இட்ஸ் நொட் ஃபெயர் அம்மா!”

மகள் சொல்வது நியாயம்தான். தவமலருக்கு மட்டும் தெரியாதா? எண்பத்து மூன்றில் இலங்கையில் ஆமி தேட, தப்பி வந்த மனிதர். பகலெல்லாம் கார் நிறுத்துமிடத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துவிட்டு வந்து, வன்னியிலிருந்து வெளியேறியவர்களைத் தொலைபேசியில் பிடித்து, மணிக்கணக்காகக் கேட்டு எழுதினார். ஆமி குண்டு போட்ட பள்ளிக்கூடத்தையும் எழுதினார். இயக்கம் சண்டைக்குப் பிள்ளை பிடித்துக்கொண்டு போன வீடுகளையும் எழுதினார். “துவக்காலை சுடுறது ஆரெண்டாலும் பாசிசம் பாசிசம்தான்” என்பார். கிளுவையன் என்ற பெயரில் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வெளியான அந்தக் கட்டுரைகளைப் படித்துக் கொதித்தவர்கள்தான் இந்த மண்டபத்தில் பாதிப் பேர். கிளுவையன் யாரென்று மட்டும் அவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

“அவர் செத்திட்டார் அம்மா. இனி ஆருக்குப் பயம்?”

“குமுதினி மாமி இன்னும் வன்னியிலைதான் இருக்கிறா.” தவமலர் குரலைத் தாழ்த்தினாள். “தன்ரை பெரியவனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போன கதையை அப்பாவுக்குச் சொன்னது அவதான். கிளுவையன் அவவின்ரை அண்ணன் எண்டு தெரிஞ்சால் அவவை விட்டுவைப்பாங்களோ? சின்னவனை விட்டுவைப்பாங்களோ?”

நிருஜா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தமிழ்ச் சங்கத் தலைவர் சிவகரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஐயரைக் கூட்டி வந்ததும், தேவாரம் பாட ஆள் பிடித்ததும் அவர்தான். மாதாமாதம் வீடு வீடாய்ப் போய் இயக்கத்துக்குக் காசு சேர்ப்பவரும் அவர்தான்.

“ஞானம் அண்ணை தானுண்டு தன்ரை வேலையுண்டு எண்டு இருந்த மனுசன். கிளுவையன் எண்டு ஒரு துரோகி, சொந்தச் சனத்தையே வித்துத் திண்டு எழுதுறான். அப்பிடியானவங்கள் இருக்கிற காலத்திலை, ஒரு அரசியலுக்கும் போகாமல் வாழ்ந்து காட்டினவர் எங்கடை அண்ணை. மகள், நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ.”

 நீ திட்டுகிறவன் இதோ உன் முன்னால்தான் கிடக்கிறான் என்று தவமலருக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அதற்குள் நிருஜா எழுந்து நடந்துவிட்டாள். இனி அவளைத் தடுக்க முடியாது. பிள்ளையாரே, என் பிள்ளை ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்கட அப்பா…” நிருஜா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கட அப்பா பார்க்கிங் லாட்ல வேலை செய்தவர். அவருக்கு அரசியல் ஒண்டும் தெரியாது. நல்லா மீன்குழம்பு வைப்பார்.”

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். சிவகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, மனிதர் உண்மையாகவே அழுதார்.

பெட்டியை மூடுமுன் வாய்க்கரிசி போட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நிருஜா அரிசித் தட்டத்தோடு அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். சிவகரனின் முறை வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கையை நீட்டினார்.

நிருஜா அசையவில்லை. அம்மாவைப் பார்த்தாள். தவமலர் மெல்லத் தலையசைத்தாள்.

நிருஜா தட்டத்தை அவர் பக்கம் நீட்டினாள். சிவகரன் மூன்று தரம் அரிசி அள்ளி, ஞானேஸ்வரனின் வாயில் போட்டார்.