பொதுச்சுவர்

கல்யாணமாகி ஏழாவது வாரம், சனிக்கிழமை பிற்பகலில், வில்ஃப்ரெட் என்கிற வில்ஃப் பக்கத்து வீட்டுக்குள் சுவரை இடித்துத் திறந்துவிட்டான்.

அதற்குக் காரணம் ஒரு பாத்திர அலமாரி. வில்ஃப்பின் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த அந்தக் கறுத்த ஓக் மரச் சாமான் முன்னறையில் எங்கு வைத்தாலும் கதவை மறித்தது. அவன் மனைவி ஹில்டாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வில்ஃப் ஒரு யோசனை கண்டுபிடித்தான். சுவரை நாலு அங்குலம் குடைந்து அலமாரியை உள்ளே தள்ளிவிட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடுமாம்.

"அது பொதுச்சுவர் வில்ஃப். இந்தத் தெருவுல எல்லாம் ஒத்தைச் செங்கல்தான். குடைஞ்சா அந்தப் பக்கம் போயிடும்" என்றாள் ஹில்டா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா இந்த ஓல்டம் ஊர் முழுக்கச் சுவர் கட்டினவரு. பதினாறு வயசு வரைக்கும் அவருக்குச் சாந்து கலந்தது நான்தான்."

"உங்கப்பா கொத்தனாரு, ஒத்துக்கறேன். நீ நூல் மில்லுல வேலை பாக்கறவ. பிரஷ்ஷை எடுத்துட்டுப் போய் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடி."

வில்ஃப் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஊராரை "உள்ள தள்ளிப் போங்க" என்று அதட்டிப் பழகிய வாய். ஹில்டா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாளில் அவளுக்கே அது உறுத்தியது. கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். ஆனால் அவன் மூக்கு உடைபடுவதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அதுதான் நிஜம்.

சம்மட்டி ஐந்தாவது முறை விழுந்தபோது செங்கற்கள் அந்தப் பக்கமாகச் சரிந்தன. கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. புழுதி அடங்கியதும் ஓட்டை வழியாகத் தெரிந்தது பக்கத்து வீட்டு மிஸஸ் ஹேவொர்த்தின் முகம். கையில் டீக்கோப்பை, டீயில் காரை.

"என் புருஷன் படம்டா அது" என்றாள் அந்த விதவை. "சண்டையில குண்டு விழுந்தப்போகூட ஆணியில அசையாம இருந்த மனுஷன். நீ கீழ தள்ளிட்டே."

"சரி பண்ணிடறேன் மிஸஸ் ஹேவொர்த்."

"நீ தொடாதே! ஒழுங்கான ஆளைக் கூட்டிட்டு வா. உன் கை இந்தச் சுவர்மேல பட்டா நான் நேரா கவுன்சிலுக்குப் போவேன்."

ஒழுங்கான ஆள் யாரும் மூன்று வாரத்துக்கு வரமுடியாது என்றார்கள். வில்ஃப் ஓட்டையில் பழைய செய்தித்தாளை அடைத்து, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டான். அதனால் குளிர் நிற்கவில்லை, மிஸஸ் ஹேவொர்த்தின் வாயும் நிற்கவில்லை. "பன்றிக்கறி கருகுது பொண்ணே", "அவன் மறுபடியும் சேத்துக் காலோட வந்துட்டானா?" என்று போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள்.

புதன்கிழமை வில்ஃப்பின் அம்மா வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், அலமாரியைத் தடவினாள், பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"ஆம்பளை ஒரு வேகத்துல அடிப்பான். பக்கத்துல நின்னு பாத்துச் சொல்றதுக்குத்தானே பொண்டாட்டி?"

ஹில்டா வில்ஃப்பைப் பார்த்தாள். அவள் முன்பே எச்சரித்தாள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான், மூலை முடுக்கெல்லாம் விடாமல்.

மறுநாள் காலை ஹில்டா மில்லுக்குப் போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவின் சாந்துக் கரண்டியையும் ரசமட்டத்தையும் எடுத்து வந்தாள். கொல்லையில் இடிந்து கிடந்த கரிக்கொட்டகையிலிருந்து நல்ல செங்கல்லாகப் பொறுக்கினாள். போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டைக்குள் தலையை நீட்டினாள்.

"நான் கட்டப் போறேன் மிஸஸ் ஹேவொர்த். கவுன்சிலுக்குப் போறதுன்னா இப்பவே கிளம்புங்க."

கிழவி அந்தக் கரண்டியைப் பார்த்தாள். பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. "கோணலா இருந்துச்சுன்னா உன்னையே பிரிக்க வைப்பேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வில்ஃப் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தபோது ஹில்டா முக்காலிமேல் நின்றிருந்தாள், மூன்று வரிசைதான் பாக்கி. தொப்பியைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"இறங்கு. தெருவுல எவனாவது பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"நினைக்கிறதுக்கு என்ன பாக்கி இருக்கு? வாரம் பூரா தெருவே சிரிக்குது. அந்தச் செங்கல்லை எடு."

"எடுக்கமாட்டேன்."

"அப்ப வழியை விட்டு நில்லு."

அவன் வந்த வேகத்தில் வெளியே போனான். கதவு அறைந்ததில் ஈரச் சாந்து கொஞ்சம் உதிர்ந்தது. ஹில்டா அதை வழித்துப் பூசினாள். வரிசை நேராகத்தான் இருந்தது. கடைசிச் செங்கலை வைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து, "பரவாயில்லை" என்று ஒரே ஒரு சொல் வந்தது.

அன்று மாலை சம்மட்டியையும் உளியையும் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அலமாரியை எடுத்துப் போகச் சொல்லி மாமியாருக்கு ஆள் அனுப்பினாள். வில்ஃப் தடுக்கவும் இல்லை, தூக்க உதவவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, எந்த நேரத்து வேலை, எப்போது சாப்பாடு என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சில்லை. மில் விட்டு வந்து ஹில்டா ஒவ்வொன்றாக முடித்தாள்: சமையலறைக் காரை, ஒழுகிய கூரை விளிம்பு, மாடிப்படியின் உளுத்த பலகை. வீடு நிமிர்ந்துகொண்டே வந்தது. அதற்குள் இரண்டு பேர், ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி நடமாடினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு அவள் ஏணியில் ஏறிப் புகைபோக்கியின் அடியில் சாந்து அடைத்துக்கொண்டிருந்தாள். காற்று பலமாக அடித்தது. ஆடிக்கொண்டிருந்த ஏணி திடீரென்று நின்றது. குனிந்து பார்த்தாள். வில்ஃப் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

அவள் நன்றி சொல்லவில்லை. "உன் காலை அந்தப் பக்கம் வச்சு முட்டுக்கொடு" என்றாள்.

வைத்தான்.