சுரைக்காய்க் குழம்பில் மூன்று கரண்டி சர்க்கரை

என் கணவர் மொட்டை மாடியில் வளர்த்த காய்களில் குழம்புக்கு ஆகக்கூடியது கத்தரிக்காய் ஒன்றுதான். அதுவும் பிஞ்சாகப் பறித்தால். அவர் பிஞ்சாகப் பறிக்கவே மாட்டார். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், பெருக்கட்டும்" என்பார். இரண்டு நாள் பத்து நாளாகும். விதை முற்றிப் பழுப்பேறிய கத்தரிக்காய் வெந்ததும் ஒவ்வொரு விதையாக நாக்கில் ஒட்டும். முற்றிய வெண்டைக்காய் எவ்வளவு வெந்தாலும் நார்தான். அதன் கொழகொழப்பு மட்டும் குழம்பு முழுக்கப் பரவி, கரண்டியைத் தூக்கினால் சளி மாதிரி இழுபடும். பீட்ரூட் போட்ட குழம்பு புண்ணைக் கழுவிய தண்ணீர். முள்ளங்கி வெந்த நாற்றம் இரண்டு நாளைக்கு ஜன்னல் திரையை விட்டுப் போகாது. பழுத்து மஞ்சளான வெள்ளரிக்காயைக் குழம்பில் போடச் சொன்னதும் உண்டு. அது எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை, குமட்டுகிறது.

அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய தங்கை வந்து, கொடியில் மிச்சமிருந்த ஒரே சுரைக்காயைப் பறித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள், பிள்ளைகளுக்குக் குழம்பு வைப்பதற்கு. அன்று நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இன்னொரு சுரைக்காயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் லிப்ட் மெக்கானிக். முப்பது வருடம் மற்றவர்களின் கட்டடங்களில் மேலும் கீழும் போய் வந்தவர், ஓய்வு பெற்றதும் எங்கள் மாடியிலேயே தங்கிவிட்டார். காலி பெயிண்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி, கிடைத்த விதையையெல்லாம் ஊன்றினார். வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார். விளைந்தது எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. புழு இருக்கிறது என்று காட்டினால், "மருந்தடிக்காத காய்னு அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல" என்பார். நான் புழுவை எடுத்துப் போட்டுவிட்டு, அது தின்று மிச்சம் வைத்த பாதியைச் சமைப்பேன். அவருக்கு ஒரு பாத்திரம். எனக்குத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "அம்மணிக்குக் கடைக்காய்தான் தொண்டையில இறங்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எட்டு வருடத்தில் எனக்கு ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. கெட்ட காயை நல்ல காயாகக் காட்டும் பழக்கம். நாற்றத்துக்குப் பூண்டு, துவர்ப்புக்குத் தேங்காய்ப்பால், சப்பென்றிருந்தால் வறுத்த மிளகாய், எதற்கும் மசியாவிட்டால் புளி. மாடி வீட்டு டீச்சர்கூட ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சார் காய்க்குத் தனி ருசி" என்றார். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சுரைக்கொடி, முந்தின வருடக் காயிலிருந்து அவரே எடுத்து வைத்த விதையில் முளைத்தது. பக்கத்துக் காலி மனையில் ஒரு காட்டுச்சுரை அந்த வருடமே சுவர் ஏறி எங்கள் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்திருந்தது. இரண்டின் பூவிலும் ஒரே வண்டுகள்தான் உட்கார்ந்து எழுந்திருக்கும். இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன்.

அதில் காய்த்ததை நறுக்கும்போது வழக்கம்போல ஒரு துண்டை வாயில் போட்டேன். பாகற்காய்க் கசப்பு அல்ல அது. அடிநாக்கைப் பிடித்து இழுத்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். எச்சில் ஊறி ஊறி வந்தது.

"ரொம்பக் கசக்குதுங்க. தூக்கிப் போட்டுடட்டுமா?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "கசப்பு உடம்புக்கு நல்லது. உனக்கு நான் வளக்கறது எதுதான் இனிச்சுது?"

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. சரி, இனிக்க வைக்கிறேன் என்று நினைத்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு புளி, கெட்டித் தேங்காய்ப்பால், காரம், மூன்று கரண்டி சர்க்கரை. பலகாலம் பீடி குடித்து அவர் நாக்கு பாதி செத்திருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டார். "கசக்குதாம். எங்க கசக்குது? ஏதோ லேசா, மருந்து மாதிரி" என்றார். எதிரே உட்கார்ந்து நான் என் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி. முதலில் குழம்பு அப்படியே வந்தது, நான் போட்ட புளி வாடையோடு. பிறகு பச்சையாக. பிறகு ரத்தம். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையெல்லாம் நனைந்தது. அந்த நிலையிலும் அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வீட்டுச் சாப்பாடு என்றேன். "கசப்பா ஏதாவது? சுரைக்காய், பீர்க்கங்காய் மாதிரி?" என்று சரியாகவே கேட்டார். பக்கத்தில் ஒரு நர்ஸ் ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் துப்பியதில் சர்க்கரை போட்டு அவருக்குக் கொடுத்தேன் என்று அந்தப் பெண்ணின் காதுபட எப்படிச் சொல்வது?

"இல்லீங்க" என்றேன்.

மறுநாள் மதியம் போய்விட்டார். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரையும் கேட்கவில்லை.

அவருடைய தங்கை பையோடு சமையலறை வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் வாய் ஓயவில்லை.

"அண்ணன் கையால வெளஞ்ச கடைசிக் காய் அண்ணி. எம்புள்ளைங்க ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடட்டும். உங்களுக்கு வேணாம்ல? நீங்கதான் தொட மாட்டீங்களே."

"வச்சிட்டுப் போம்மா. முத்திப்போச்சு அது."

"முத்துனா என்ன, விதைய எடுத்துட்டுப் போட்டா போச்சு. நீங்க பண்ணுவீங்களே, அந்த மாதிரி புளி கொஞ்சம் தூக்கலா."

"வேணாம்னு சொல்றேன்ல."

"என்ன அண்ணி இது. அவரு இருந்தப்பவும் அந்தக் காயப் பாத்தா மூஞ்சியச் சுளிப்பீங்க. இப்பக் குப்பையில போடலாம்னு பாக்கறீங்களா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பூச்சி மருந்து அடித்திருக்கிறது என்றால் நம்பியிருப்பாள், அண்ணன் மருந்தடித்தாரா என்று அதற்கும் ஒரு முறை அழுதிருப்பாள். ஆனால் விதையைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் வீட்டில் ஊன்றுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

பையிலிருந்து காயை எடுத்தேன். காம்புப் பக்கம் நகக்கண் அளவு சீவினேன்.

"நாக்குல வச்சுப் பாரு. முழுங்கிடாத."

முறைத்துக்கொண்டே வாங்கி வைத்தாள். உடனே தொட்டிக்கு ஓடித் துப்பினாள். குழாயைத் திறந்து நாலு தடவை கொப்பளித்தாள், விரலை விட்டு நாக்கை வழித்தாள்.

"த்தூ. என்ன அண்ணி இது, விஷமாட்டம்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே குழாயை மூடினாள்.

"அன்னிக்கு ஆக்குனது?"

"இதே கொடிக் காய்தான்."

"நீங்க வாயில போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். துப்பிட்டேன்."

"அப்புறம்?"

"சர்க்கரை போட்டேன். அவருக்குத் தெரியாம இருக்க."

"டாக்டர் கேக்கலயா?"

"கேட்டாரு. இல்லைன்னுட்டேன்."

அவள் உதட்டிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. என் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். ஓர் எட்டு பின்னால் நகர்ந்து, தன் புடவைத் தலைப்பால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்மேல் உடம்பு பட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனாள்.