இசபெல் மேடம் எழுதாத கட்டுரை

இசபெல் மேடத்திடம் அசைன்மென்ட் கொடுப்பவர்கள், கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் மேடத்தின் கட்டுரை ஒன்றையாவது சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. சீனியர்கள் சொல்லிச் சொல்லி, வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி அந்தக் கல்லூரித் துறையில் வழக்கமாகிப் போனது. படித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எந்தச் சீனியரும் சொல்லித் தொலைக்கவில்லை.

ரிஃபாவும் சேர்த்தாள். மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரம் பற்றித் திட்டம் போட்டு, கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்து எழுதியவள், மேடத்தின் கட்டுரையைத் தேட மட்டும் சோம்பல்பட்டுப் போனிலிருந்த ஏ.ஐ.யிடம் கேட்டாள். தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக வந்து விழுந்தன. அதைத் தோழி சபிதாவுக்கும் அனுப்பிவைத்தாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது?

இப்போது மேடத்தின் அறை வாசலில் அவள் காத்து நின்றாள். முதல் அசைன்மென்ட் ஏற்கெனவே தள்ளுபடி. இதுவும் போனால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் பாழ். முதலில் உள்ளே போன சபிதா வெளியே வந்தாள். ரிஃபாவின் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று ரிஃபாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனாள்.

மேடம் இரண்டு பேருடைய தாள்களையும் விரித்து வைத்திருந்தார். "இப்படி ஒரு கட்டுரைய நான் எழுதவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் பக்க நம்பரோட எடுத்திருக்கீங்க. இது யாருக்க வேல?"

ரிஃபா யோசிக்கக்கூட இல்லை. "சபிதா தந்தா மேடம். நான் நம்பி எழுதிட்டேன்."

மேடம் பேனாவை மூடினார். "அவளும் அதத்தான் சொன்னா. நான்தான் உண்டாக்கினேன், ரிஃபாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா. அவளுக்கு இதுல பூஜ்யம். நீ அந்த வரிய எடுத்துட்டு, உள்ள கட்டுரையப் படிச்சு எழுதித் திங்கட்கிழம கொண்டா."

இல்லை மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷம் விலை. ரிஃபா தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படிக்கட்டில் சபிதா காத்திருந்தாள்.

"பயந்து பேடிச்சுட்டியா மக்கா? உனக்க மொகத்தப் பாத்தா நான் அழுது காட்டிக் குடுத்திருவேன். அதான் நிக்காம வந்தேன். எனக்கு மொத அசைன்மென்ட்ல நல்ல மார்க்கு உண்டு, சமாளிச்சுக்கிடலாம். நீ என்ன சொன்ன?"

"நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

சபிதா சிரித்துத் தலையாட்டினாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏட்டி, நான் என்ன சொன்னேன்னு தெரியாம, நீ எப்பிடி அதையே சொன்ன?"