நாலாவது வேகம்

இரண்டாயிரத்து நானூறு சோம். அந்தப் பாக்கியைக் கொடுக்காமலேயே கலிபெக் செத்துப்போனார். அதை வாங்க வேண்டிய மெக்கானிக் தெமிர்குல், இப்போது கலிபெக்கின் காருக்குள்ளேயே மல்லாந்து கிடந்து, பக்கத்து சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கலிபெக்கின் இளைய மகன் உலான் பனியில் நின்று டார்ச் பிடித்தான். முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் அப்பா கிடந்தார். உள்ளே பெண்களின் ஒப்பாரி ஓயவில்லை. நண்பகல் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த அண்ணன் எர்கின் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறான். வாடகை வண்டிக்காரர்கள் பனிக்குப் பயந்து ஏற மறுத்துவிட்டார்கள். ஊரில் பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி உள்ள கார் இது ஒன்றுதான். இதிலோ ஹீட்டர் ஃபேன் நின்றுவிட்டது. ஃபேன் ஓடாவிட்டால் விடுகிற மூச்சே கண்ணாடியில் உறைந்துவிடும். கணவாயில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

"நேத்துவரைக்கும் ஃபேன் நாலாவது வேகத்துல ஓடுச்சு மாமா. ஒண்ணு, ரெண்டு, மூணுதான் வேலை செய்யல."

"எனக்கே சொல்றியா? அந்த மூணுக்கும் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரை மாத்துனவனே நான்தான்டா. ஒரே மாசத்துல கருகிப்போச்சு. உடனே உங்கப்பன் என்ன சொன்னான்? பழைய சாமானைப் போட்டு ஏமாத்திட்டேன்னான். சந்தைக்கு நடுவுல நின்னு சொன்னான். அப்புறம் என் மூஞ்சியப் பாத்தானா அவன்?"

அதற்கு முன் ஞாயிறுதோறும் இருவரும் இந்தக் காரில்தான் சந்தைக்குப் போவார்கள். அப்பா ஓட்டுவார். தெமிர்குல் பக்கத்தில், மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு.

உலான் நோட்டுகளை எடுத்து நீட்டினான். "இந்தாங்க மாமா, முழுசா இருக்கு."

"உள்ள வை. அடக்கத்துக்கு முன்னாடி கேப்பீங்கல்ல, யாருக்காச்சும் பாக்கி இருக்கான்னு? அப்ப எந்திரிச்சுச் சொல்றேன். அவன் சந்தையில சொன்னான். நான் அங்க சொல்றேன்."

திட்டினால் இந்த ஆள் எழுந்து போய்விடுவார். அண்ணனால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. உலான் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தான்.

ஃபேன் கழன்று வந்தது. தெமிர்குல் அதைக் கவிழ்த்துத் தட்டினார். கறுத்துப்போன விதைத் தோல்கள் கொட்டின. மறுபடி தட்டினார், மறுபடி கொட்டின.

"பாத்தியா! இதான் அடைச்சிருக்கு. ஃபேன் திணறுனா கரண்டை இழுக்கும். எந்த ரெசிஸ்டர்டா தாங்கும்? இப்ப வயர் மாட்டுற ப்ளக்கே உருகிப்போச்சு. என் சாமான்ல குறையே இல்ல!"

உலான் தோல்களை அள்ளி வீசக் கை நீட்டினான்.

"தொடாத."

ஒரு பிடி அள்ளித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை எங்கே விரித்துக் காட்டுவார் என்று உலானுக்குத் தெரியும்.

பிறகு அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஃபேன் காற்றை இழுக்கும் சந்து, பக்கத்து சீட்டில் இருப்பவரின் முழங்காலுக்கு நேர் மேலே இருந்தது. அந்தச் சந்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஞாயிறுதோறும் அவர் விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்த சீட்டு அது. உருகிய ப்ளக்கை வெட்டியெறிந்து, வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினார்.

"நாலு மட்டும் ஓடும். கிளம்பு."

ஃபேன் போட்ட இரைச்சலில் அண்ணனும் தம்பியும் கணவாய் தாண்டித் திரும்பும் வழியில் பேசிக்கொள்ளவில்லை. அது நின்றுவிடுமோ என்று உலான் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினான். வீடு சேர்ந்தபோது உடலை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். எர்கின் அழுது முடிக்கக்கூட நேரமில்லை. ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மூத்த மகன் அவன்தான் கேட்க வேண்டும்.

"எங்கப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தா சொல்லுங்க, நான் குடுக்கறேன். அவருக்கு யாராவது தரணும்னா, நாங்க விட்டுட்டோம்."

மூன்றாவது வரிசையிலிருந்து தெமிர்குல் வெளியே வந்தார். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. உலான் தன் பையிலிருந்த நோட்டுகளை நசுங்கப் பிடித்தான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பாக்கி என்னோடது" என்றார். "அவன்தான் எனக்கு விடணும்."

இமாம் எர்கினைப் பார்த்தார். எர்கினுக்கு ஒன்றும் புரியவில்லை. "விட்டாச்சு மாமா" என்றான்.

தெமிர்குல் வரிசைக்குத் திரும்பினார். தொழுகை முடிந்து உடலைத் தூக்கினார்கள். தோள் கொடுக்க முந்திக்கொண்டு ஓடியவர்களில் அவரும் இருந்தார்.

அவர் நின்ற இடத்தை உலான் தாண்டிப் போனான். மிதிபட்ட பனியில் கறுப்பாக விதைத் தோல்கள் சிதறிக் கிடந்தன. ஒரு சிட்டுக்குருவி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.