எலும்பைப் பார்த்துப் போட்ட மார்க்

அவரை எல்லோரும் நாக்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமைப் பத்திரிகையில் ‘நாக்கு’ என்ற பெயரில் பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுப் பக்கம் எழுதுகிறவர். அந்த நாக்கு செத்து ஏழு மாதம் ஆகிறது. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து வாயில் வைத்த காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே வெந்நீர்தான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். அழுகையாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், போனவர்களை வாசல் வரை கொண்டு விட்டார், அவ்வளவுதான்.

வெளியே சொன்னால் மானம் போகிற சங்கதி ஒன்றும் உண்டு. அந்தப் பக்கத்துக்கு அவர் நாக்கு என்றைக்குமே பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் மனைவியோடுதான் போவார். நெஞ்சுக்கறி அவருக்கு, கால் அவளுக்கு. சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டை ஓரக்கண்ணால் பார்ப்பார். எலும்பு வெள்ளையாகத் துடைத்து வைத்தது போல் இருந்தால் பத்துக்கு ஒன்பது மார்க். கறி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறு. பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் நான்கு. வாய் திறந்து கேட்டுப் பயனில்லை. அவளுக்கு எல்லாமே ‘நல்லாருக்கு’தான். பொண்டாட்டி வாய் பொய் சொல்லும், தட்டு பொய் சொல்லாது என்று மனிதர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டார்.

இந்த வாரம் பத்திரிகை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினாள். அவரைவிட இருபது வயது சின்னவள், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

“சார், ரோஸ்ட் சிக்கன், கூட ஒரு கிளாஸ் ஒயின். சாதாரண ஆளுங்க போற கடை நாலு. எது முதல், எது கடைசின்னு வேணும். போன மாசம் மாதிரி எல்லாத்துக்கும் ஒன்பது போட்டீங்கன்னா, மன்னிச்சுக்கங்க, பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

“சரிம்மா” என்றார். கோபம் வரவேண்டிய இடம் என்பது தெரிந்தது. கோபம்தான் வரவில்லை. பக்கமும் போய்விட்டால் காலையில் எழுந்து சட்டை மாட்டுவதற்கு ஒரு காரணமும் இருக்காது என்று மட்டும், யாருக்கோ நடக்கப்போவதைப் போல, நினைத்துக்கொண்டார்.

தனியாகப் போய் உட்கார்ந்தால் பார்ப்பதற்குத் தட்டு ஏது? அதனால் போன மாதத்திலிருந்து மச்சினனை அழைத்துப் போகிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மதியம் ஒரு மணிக்குக் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவான். வந்த இடத்தில் ஒரு சங்கடம். அவன் எதை வைத்தாலும் வழித்துத் தின்றுவிடுகிறான். திங்கட்கிழமை ஸ்டேஷன் எதிரில் இருந்த கடையில் எலும்பு பளிச்சென்று இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கடையிலும் பளிச். புதன்கிழமை செருப்புக்கடைக்கு மேல் மாடியிலும் பளிச். மூன்று ஒன்பது. நோட்டைப் பார்த்தார் நாக்கார். வேலை போய்விட்டது என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

வியாழக்கிழமை போனது நான்காவது கடை. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஆறே மேஜை. காகித விரிப்பு, ஒயினுக்குத் தண்ணீர் டம்ளர். சமையலறைச் சுவரில் தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல். கோழி வந்தது. நாக்கு செத்தாலும் கண் சாகவில்லையே. நார்நாராகப் பிரிந்து, சாறு மொத்தமும் வெட்டின பலகையிலேயே போய்விட்ட கறி அது என்று பார்த்ததுமே தெரிந்தது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கத்தி போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் ஆறவிட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

மச்சினன் மென்றான். தண்ணீர் குடித்தான். மறுபடி மென்றான். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. ஆனாலும் விடவில்லை, எலும்பைப் பளிச்சென்று ஆக்கித்தான் கீழே வைத்தான்.

“நல்லாருக்கா?”

“கட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கு அத்தான்.”

“அப்புறம் எதுக்குடா வழிச்சுத் தின்னே?”

மச்சினன் விழித்தான். “அக்கா சொல்லியிருக்கா” என்றான்.

“என்னன்னு?”

“நீங்க தட்டைப் பாத்துத்தான் மார்க் போடுவீங்கன்னு. சமைக்கிறவங்க உள்ளேருந்து எட்டிப் பாத்தாங்கன்னா, எப்படி இருந்தாலும் தட்டைக் காலி பண்ணிடுவாளாம். ‘பாவம்டா, பயந்துகிட்டு நிக்குது, இவர் நாலு மார்க் போட்டா வேலை போயிடும்’னு சொல்வா. எட்டிப் பாக்காம உள்ள பாட்டு கேட்டுகிட்டு இருந்தா, நல்லா இருந்தாலும் பாதியை வச்சிடுவாளாம்.” ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினான். “அங்க பாருங்க.”

ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய நடுவயதுப் பெண். அவர் திரும்பியதும் சட்டென்று மறைந்துகொண்டாள்.

நாக்காருக்குக் காது சூடேறியது. பதினெட்டு வருடம்! ஒரு வாசகர், “நீங்கள் ஒன்பது போட்ட கடையில் என் பல் போயிற்று, யார் பொறுப்பு?” என்று எழுதியிருந்தார். அந்த ஆளை அரைப்பக்கத்துக்குக் கிண்டல் செய்து எழுதியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, “நல்லாருக்கு” என்றாள்.

“திருட்டுக் கழுதை!” என்றார் உரக்க. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். “என்னைப் பதினெட்டு வருஷமா முட்டாளாக்கியிருக்காடா உன் அக்கா! இப்ப நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது?”

ஏழு மாதத்தில் வந்த முதல் கோபம். வீட்டுக்குப் போய்க் கத்தலாம் என்று நாற்காலியைத் தள்ளி எழுந்தே விட்டார். வீட்டில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தார்.

“சரி, நீ உண்மையைச் சொல்லு. எது முதல்?” என்று நோட்டைத் திறந்தார்.

“ஆபீஸ் கட்டடத்துக் கடைதான் அத்தான். எலும்பு வரைக்கும் உப்பு புடிச்சிருந்துச்சு. அடுத்தது மாடிக் கடை. தோல் மொறுமொறுன்னு இருந்துச்சு, ஒயினும் தொண்டைல நல்லா இறங்கிச்சு. ஸ்டேஷன் கடைல கறி பரவால்ல, ஒயின் புளிச்சுப் போச்சு, ரெண்டு மூணு நாளா திறந்து கிடந்த பாட்டில் போல.”

“இது?”

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்ணே தட்டெடுக்க வந்துவிட்டாள். அவர் தட்டில் நெஞ்சுக்கறி வைத்தது வைத்தபடி கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இருங்கம்மா, இன்னும் முடிக்கல” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தின்றார். உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. காய்ந்த நார் தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது மட்டும் தெரிந்தது. கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று தட்டை நீட்டினார்.

“எப்படிங்க இருந்துச்சு?” என்றாள் அந்தப் பெண், குரலே எழாமல்.

“நல்லாருக்கு” என்றார்.

அது அவர் குரலே இல்லை. அந்த இழுப்பு, கடைசியில் குரலை லேசாக இறக்குவது, அத்தனையும் மனைவியுடையது. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். நாக்காருக்கு உதடு கோணியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஆறு மேஜை பார்க்க, காகித விரிப்பு நனைய, வாய்விட்டு அழுதார்.

“ஐயோ, மிளகு கூடிப்போச்சாங்க?” என்று பதறினாள் அந்தப் பெண்.

“ஆமாம்மா, மிளகுதான்” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அடுப்புலேருந்து எடுத்து ஒரு பத்து நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்க. அடுத்த மாசம் திரும்ப வரேன்.”

மறுநாள் மூன்று கடைகளுக்கு வேறு வேறு மார்க் போட்டுக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. ஆசிரியை போன் செய்தாள். “பிரமாதம் சார், பழைய நாக்கு திரும்பி வந்துடுச்சு. ஆனா நாலாவது கடை எங்க?”

“அங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலம்மா” என்றார் நாக்கார்.