வக்கீல் வீட்டுச் சம்பளம்

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வக்கீலுக்குத் தன் பெண்டாட்டிக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடத் தோன்றியதே இல்லை. கல்யாணமான நாள் முதல் அவள் அவருடைய ஆபீஸில் பிளாஸ்டிக் ஸ்டூலில்தான் உட்கார்ந்து மனுக்களை டைப் அடித்தாள், கட்சிக்காரர்களின் புலம்பலைக் கேட்டாள், வாய்தா தேதிகளை அவருக்கு நினைவுபடுத்தினாள். சம்பளமா? மூச்! கேட்டால், “நம்ம ஆபீஸ்தானே” என்பார். அவளும் பொறுத்துக்கொண்டாள். பாழாய்ப்போன பொறுமை!

அந்த வருஷம் வரி எகிறியது. ஆடிட்டர் வந்து வழி சொன்னார்.

“மேடம்தான் இங்க நாள் முழுக்க வேலை பாக்குறாங்களே சார். முறையா சம்பளம் போடுங்க. அது ஆபீஸ் செலவு. உங்க வரி குறையும். எல்லாம் சட்டப்படி.”

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தனக்கென்று ஒரு சம்பளம்!

அவள் பெயரில் வங்கிக் கணக்கும் தொடங்கியாயிற்று. செக் புத்தகம் வந்த அன்று ஆடிட்டரும் இருந்தார். வக்கீல் அதை அவள் பக்கம் தள்ளினார்.

“எல்லாத்துலயும் கையெழுத்து போட்டு வச்சிடு. தொகைய நான் எழுதிக்கிறேன்.”

“எதுக்குங்க?”

“சம்பளம் உன் கணக்குக்கு வரும், நான் எடுத்துக்குவேன். எல்லாம் பேருக்குத்தானே!”

ஓஹோ, அப்படியா சங்கதி! அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் கொடுக்காததைக்கூட மன்னிக்கலாம். கொடுத்த மாதிரி காட்டிப் பிடுங்குவதை எப்படி மன்னிப்பது?

அவள் ஆடிட்டரிடம் திரும்பினாள். “இது வரிய மிச்சம் பிடிக்கிறதா, ஏமாத்துறதா?”

ஆடிட்டர் இருமினார். “பணம் நிஜமா உங்களுக்கு வந்தாத்தான் மேடம் அது சம்பளம். இப்படித் திரும்பிப் போனா பொய்க் கணக்குதான்.”

“புருஷன்கிட்டயே சட்டம் பேசுறியா?” வக்கீல் மேஜையைத் தட்டினார்.

“நீங்க சொன்ன சட்டத்தத்தான் பேசுறேன். அதக் கொஞ்சம் படிங்க.”

அவள் சுவரைக் காட்டினாள். கட்சிக்காரர்களுக்காக அவர் சொல்லச் சொல்ல, அவளே டைப் அடித்து ஒட்டிய தாள். வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடிட்டர்தான் பழக்கதோஷத்தில் உரக்கப் படித்துத் தொலைத்தார்.

“யார் கேட்டாலும், சொந்தக்காரரே கேட்டாலும், எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.”

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. அவள் செக் புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“வரி மிச்சம் உங்களுக்கு. சம்பளம் எனக்கு. பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த தெரு வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் தேடுறாங்க.”

முதல் சம்பளத்தில் அவள் சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். வக்கீல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடித்துக்கொண்டது அவர் மனசு.

“என்கிட்ட சொல்லியிருந்தா ஆபீஸ் செலவுல வாங்கியிருப்பேனே? அதுலயும் வரி குறைஞ்சிருக்கும்.”

“வேண்டாம்,” என்று அவள் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “இது என்னுது.”