ஏழுக்கு மேல் எழுதிய நான்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. இன்னும் சொல்லாத பொய். சொல்லலாமா என்று வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "அமெரிக்காவில், அர்க்கன்சாவின் பைன் காட்டுக்குள் துருப்பிடித்த நீராவி என்ஜின் ஒன்று..." அடித்துவிட்டேன். துருவை வர்ணிக்க ஆரம்பித்தால் டாயிலைப் பற்றிப் பேசாமலே தப்பித்துவிடுவேன்.

டாயிலுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் போய்விட்டது. இளவயதில், இப்போது யாருக்கும் ஞாபகமில்லாத மரக் கம்பெனி ரயிலில், நான்காம் எண் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அவருடைய அப்பாவும் அதே பாதையில் டிரைவர்தான். டாயில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, ஏழாம் எண் என்ஜின் கவிழ்ந்து, கொதிநீரில் வெந்து செத்தார்.

காட்டில் கிடந்த என்ஜினை மர வியாபாரி ஒருவன் கண்டுபிடித்தான். நான் பழைய ரயில்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால், அது எந்த எண் என்ஜின் என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார் டாயில்.

"என் நாலுதான்யா அது. எனக்குச் சோறு போட்ட மகராசி. ஏழா இருந்தா மட்டும் சொல்லு, நானே நின்னு வெட்டிப் போடுறேன்."

அவருடைய தங்கை ஒலீட்டா என்னை வாசல்வரை வந்து பிடித்துக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் நாலுன்னே சொல்லித் தொலைங்க. மனுஷன் சந்தோஷமா சாகட்டும்."

2

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பெயின்டில் எழுதிய எண்ணை நம்பக்கூடாது. கழற்றி மாட்டும்போது மாறிவிடாமலிருக்கப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு பாகத்திலும் என்ஜினின் எண்ணைக் குத்தி வைப்பார்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டில் கிரீஸைச் சுரண்டினேன். ஏழு.

பதறவில்லை. சின்னக் கம்பெனிகள் ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் மாட்டும். அந்தப் பக்கம் போய்ச் சுரண்டினேன். ஏழு. பிஸ்டன் தண்டிலும் வால்விலும் அதுவே.

ஆளைக் கொன்ற என்ஜினில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஏற மாட்டார்கள். ஆகவே கம்பெனி அதைத் தூக்கி நிறுத்தி, கொட்டகைக்குள் மறைத்து, "நான்கு" என்று எழுதி, புதிதாக வாங்கியதாக வெளியே விட்டிருக்கிறது. பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

தன் அப்பாவைக் கொன்ற என்ஜினுக்குத்தான் டாயில் அத்தனை வருடம் கரி அள்ளிப் போட்டிருக்கிறார். அதன் கதவில் அப்பாவின் பெயரைச் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தாராம், துணைக்கு. இதற்கு மேல் இந்தப் பகுதியை என்னால்

3

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நான்கு என்று சொல்கிறேன். அவர் சிரிக்கிறார். (படிக்கிறவர்களுக்கு நிம்மதி. எனக்கில்லை.)

ஏழு என்று சொல்கிறேன். அவர்

(இதை இரண்டு முறை தொடங்கினேன். அவர் முகத்தை எழுத வரவில்லை.)

டாயிலுக்கு முதலிலிருந்தே தெரியும், எனக்காகத்தான் நடித்தார். (எனக்குப் பிடித்த முடிவு, உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மனுஷனுக்கு நடிக்கத் தெரியாது.)

4

கதை எழுதி முடிப்பதற்குள், என்ஜின் கிடந்த இடத்துக்கு அவர்களே வந்துவிட்டார்கள். டாயிலைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒலீட்டா, கொண்டாடுவதற்கென்று பெக்கன் பை என்கிற கொட்டைப்பருப்பு இனிப்பும் சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

"என்னய்யா எழுத்தாளரே, பேச்சையே காணோம்? பூனை நாக்கைத் தின்னுருச்சா?"

"இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன், டாயில்."

"நீ பார்த்துக் கிழிச்சது போதும். நம்பர் எங்க குத்தியிருக்கும்னு சொல்லு, நான் தடவிப் பார்க்குறேன்."

ஒலீட்டா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. இதைச் சரிசெய்யும் வாக்கியம் எந்த மொழியிலும் இல்லை.

நான் சொல்வதற்குள் டாயிலே சக்கரத் தண்டைத் தேடிப் பிடித்துவிட்டார். முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வருகிறார், குழந்தையைத் தடவுகிற மாதிரி. "சூடா இருக்குடா என் தங்கம்," என்கிறார். வெயிலில் கிடந்த இரும்பு, சூடாகத்தான் இருக்கும்.

அவர் விரல் என் கைக்கு அருகே வந்துவிட்டது. என் கட்டைவிரல் அந்த எண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

"கையை எடுய்யா," என்கிறார்.

நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கவா? நீங்கள் சொல்லுங்கள்.